பார்க்கக் கூடாத போர்க்களம்

முந்நூறு பேர் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது பல் டாக்டர் கொட்டாவி விட்டார்.

நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கவைக்கிற மனிதர் தன் வாயை இவ்வளவு அகலமாகத் திறந்தது நில அளவையாளருக்குச் சுருக்கென்று தைத்தது. முந்நூறு பேரும் கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்கள்தான். ஆனால் ஒவ்வொருவன் சட்டைக்கும் பொத்தான் வரைந்தது அவர் கை. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆற்றங்கரைப் போரைச் சாப்பாட்டு மேஜையில் நடத்துவதுதான் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை.

"என்ன, அலுத்துடுச்சா?"

"தப்பா நினைக்காதே. நீ மலைக்குப் பின்னாடி குதிரைப்படையை ஒளிச்சு வைக்கிறே. நான் அதைப் பார்த்துக்கிட்டே பார்க்காத மாதிரி நடிக்கிறேன். இதுல என்னய்யா நிஜம் இருக்கு? அடுத்த வாரம் வருவேனான்னு தெரியலை."

ஈயச் சிப்பாயை மதித்து எதிரில் உட்கார நில அளவையாளருக்கு இந்த ஒரு ஆளை விட்டால் வேறு நாதியில்லை. ஆட்டத்தை நிஜமாக்கியே தீருவது என்று முடிவு கட்டினார்.

அடுத்த வாரம் மேஜைக்குக் குறுக்கே ஒரு போர்வை தொங்கியது. எதிரியின் பக்கம் எதிரிக்கு மட்டும். டாக்டர் எட்டிப் பார்க்க, இவர் தடுக்க, போர்வை அவிழ்ந்து மேஜைமேல் விழுந்தது. அன்றைய சண்டையில் அதிகம் பேரைச் சாய்த்தது அந்தப் போர்வைதான்.

அதற்கடுத்த வாரம், கட்டளைகளைச் சீட்டில் எழுத வேண்டும், இருபது நிமிஷம் கழித்துத்தான் அவை படைக்குப் போய்ச் சேரும் என்று விதி வந்தது. டாக்டரின் படை ஆவேசமாகப் பாய்ந்தபோது எதிரே ஒரு ஈ காக்கை இல்லை.

"என் கிளினிக்கே தேவலை," என்றார் டாக்டர். "ஊசி வர்றதுக்குள்ள அங்கேயும் ஆள் எழுந்து ஓடிடுவான்தான். ஆனா நான் இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்."

நில அளவையாளர் அசரவில்லை. சிப்பாய்க்குப் பசி, களைப்பு, பயம் என்று விதிப்புத்தகம் எண்பது பக்கத்தைத் தாண்டியது. இருவருக்கும் பொதுவாக ஒரு நடுவர் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருக்கும் மனைவியிடம் போய் நின்றார்.

"வார்டுல முப்பது பேரைப் பார்த்துட்டு வர்றேன். வீட்டுல முந்நூறு பேரா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தாம்மா."

"எனக்கு ஒரு நாள் லீவு. அதுவும் ஞாயித்துக்கிழமை," என்றார் மனைவி. ஆனாலும் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

கடைசியாக வந்தது பெரிய யோசனை. நிஜத் தளபதி போர்க்களத்தை மேலே இருந்தா பார்த்தான்? அதனால் இனி இருவருமே மேஜையைப் பார்க்கக் கூடாது. இவர் படுக்கையறையில் வரைபடத்தோடு கதவைச் சாத்திக்கொள்வார். மேல் மாடியில் குடியிருக்கும் டாக்டர் தன் வீட்டிலேயே இருப்பார். மனைவி சீட்டுகளை வாங்கி, சிப்பாய்களை நகர்த்தி, நடந்ததை இரண்டு வரியில் எழுதித் தருவார். போர் முடியும்வரை தளபதிகள் பேசிக்கொள்ளவும் கூடாது.

"அருமை," என்றார் டாக்டர். "நான் மேலே, நீ கீழே. பேச்சே கிடையாது. ரொம்ப அருமை."

பொத்தான் வரைந்த மனிதருக்கு அந்தப் பொத்தான்களைப் பார்க்க இப்படி அனுமதி போயிற்று. நண்பனைத் தக்கவைக்கப் போய் நண்பனோடு பேச்சும் போயிற்று. படிக்கட்டில் டாக்டர் கையாட்டினால்கூட இவர் விறைப்பாகச் சுவரைப் பார்த்தபடி இறங்கினார்.

ஆனால் அந்த மூடிய அறையில் என்னவோ நடந்தது. "இடது பக்கம் நிலைமை மோசம். பதற வேண்டாம்," என்று ஒரு சீட்டு வரும். பிறகு ஒரு மணி நேரம் எதுவும் வராது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாலத்துக்கு அனுப்பிய நாற்பது பேரும் என்ன ஆனார்கள்? பொத்தான் வரைந்தபோது தோன்றாத கேள்வி அது. தெரியாமல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் போர் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாகவும் இருந்தது, இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக அவர் ஆடியதே இல்லை என்றும் இருந்தது.

எதிரியும் ஆளே மாறிவிட்டிருந்தான். பழைய டாக்டர் எல்லாரையும் ஒரே இடத்தில் குவித்து மோதுவார். இவனோ இருக்கிற கொஞ்சம் பேரை எங்கே அதிகம் தேவையோ அங்கே சரியாக அனுப்பினான். களைத்த படைக்கு முறை வைத்து ஓய்வு கொடுத்தான். ஆறாவது ஞாயிறு, பாலத்தில் சண்டை போடுவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, ஆற்றை ஆழமில்லாத இடத்தில் கடந்து பின்பக்கமாக வந்து இவரை முழுசாக வளைத்துக்கொண்டான்.

கூடவே ஒரு சீட்டு வந்தது. "ஒரு மணி நேரம் சுட மாட்டோம். காயம் பட்டவர்களை முதலில் எடுத்துச் செல்லவும்."

நில அளவையாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு ஈரமா? என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினப்போ ஒரு துளிகூடக் காட்டலையே."

மனைவி வாசலில் நின்றார். "அப்போ ஆட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தோத்துட்டேன். சந்தோஷமா இருக்கு. இனிமே அவன் என்னை விட்டுப் போக மாட்டான் பாரு. இப்படி ஆடுறவன் இதை விடவே முடியாது. போய்க் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டு வர்றேன்."

"நீங்க இருங்க, நான் போய்ச் சொல்றேன்."

"தோத்தவன் நேர்ல போறதுதான் மரியாதை."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டார். கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி.

"எங்கேம்மா அவன்? நான் சரணடைய வந்திருக்கேன்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் ஆறு வாரமா ஞாயித்துக்கிழமையானா நீச்சலுக்குல்ல போயிடுறார், அண்ணிதான் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டு அவருக்குப் பதிலா ஆடுறாங்க... ஏண்ணா, ஜெயிச்சுட்டாங்களா?"