ஆனந்தராசாவின்ர டீவி

உப்புவெளிச் சந்தியில ஆர் என்ன மின்சாரச் சாமான் வாங்கினாலும் முதல் என்னட்டத்தான் கொண்டருவினம். ரேடியோ, ஃபேன், டீவி, எதெண்டாலும். தூக்கிப் பாப்பன். முதுகில தட்டிப் பாப்பன். காதை வைச்சுக் கேப்பன். பிறகு "பெறுமதி" எண்டோ "தண்டம்" எண்டோ சொல்லுவன். துறைமுகக் கந்தோரில நான் வெறும் கிளாக்கர். ஊரில எனக்கிருந்த மரியாதை இந்தத் தீர்ப்பாலதான்.

வீட்டில மரியாதை வேற மாதிரி.

என்ர மனிசி பூரணி கிரைண்டர் கேட்டு எவ்வளவோ காலம். உழுந்து ஆட்டி ஆட்டி அவவுக்கு மணிக்கட்டு நோ. நான் தீர்ப்புச் சொல்லிப்போட்டன்.

"கிழமையில பாதி நாள் கரண்ட் இல்லை. ஷெல் விழுந்தா கம்பமே இல்லை. இந்த ஊரில கிரைண்டர் தண்டம்."

"ஓம்," எண்டா. அந்த ஓமை நான் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்.

அடுத்த மாசம் எனக்குக் கிரிக்கெட் ஆசை வந்திட்டுது. ஸெய்னுதீன் நானாட கடையில டீவி ஒண்டு. தூக்கினன், நல்ல பாரம். தட்டினன், நல்ல சத்தம். பெறுமதி எண்டு எனக்கே தீர்ப்புச் சொல்லி வாங்கிட்டன். கரண்ட் கதை ஞாபகம் இருந்தபடியால், டீவியோட ஒரு பொய்யையும் வீட்டுக்குக் கொண்டு போனன்.

"ஆற்ற டீவி?"

"திரியாய் ஊர் ஆனந்தராசான்ர. இடம்பெயர்ந்து கொழும்புக்குப் போறான். வருமட்டும் வைச்சிருக்கச் சொன்னவன்."

அந்த நாளில எல்லார் வீட்டிலயும் ஆரோ ஒருத்தற்ற அலுமாரியோ தையல் மெசினோ நிண்டது. ஓடுறவை நிக்கிறவையிட்டக் குடுத்திட்டுப் போவினம். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம் எண்டுதான் இந்தப் பொய்யைப் பிடிச்சனான்.

பூரணி பெட்டியைச் சுத்திப் பாத்தா. "பாவம் அந்த மனிசன். உயிரைக் கையில பிடிச்சு ஓடி வந்தும், பெட்டியில ஒட்டின டேப்பைக்கூடக் கிழிக்கேல்லை."

"கவனமான ஆள்," எண்டன்.

வயரை எடுத்தன். பறிச்சுப்போட்டா.

"என்ன செய்யிறீங்க?"

"ஒருக்காப் போட்டுப் பாப்பம்."

"நம்பித் தந்த சாமான். அந்தாள் போன இடத்தில விளக்கிருக்கோ தெரியாது, நீங்க அவற்ற டீவியில கிரிக்கெட் மச் பாக்கப் போறீங்களோ?"

"பாவிக்காட்டிப் பழுதாப் போயிடும் பூரணி."

"தன்பாட்டில பழுதானா கடவுள் செயல். நீங்க தொட்டுப் பழுதானா எங்கட செயல்."

பழஞ்சீலையால மூடி, மேல விபூதித் தட்டையும் வைச்சிட்டா. அந்த மாசம் முழுக்கக் கரண்ட் ஒருநாளும் நிக்கேல்லை, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பக்கத்து வீட்டு யன்னலுக்கு வெளியில நிண்டு, நுளம்புக்கடியோட மச் பாத்தனான். உண்மையைச் சொல்லிப்போடுவம் எண்டும் நினைச்சன். சொன்னாக் கிரைண்டர் கதை வரும்.

ஒருநாள் பின்னேரம் கந்தோரால வர, டீவி நிண்ட மூலை வெறுமை. குசினிக்குள்ள என்னமோ உறுமுது.

"டீவி எங்க?"

"ஆனந்தராசா வந்து எடுத்துக்கொண்டு போட்டார்."

"எந்த ஆனந்தராசா?" வாய் தவறி வந்திட்டுது.

"உங்கட சினேகிதன்தான். ஸெய்னுதீன் நானாட கடை வானில வந்தவர். நானாதான் தூக்கி ஏத்தினவர்."

கதிரையில இருந்தன்.

"அப்ப உள்ளுக்குச் சத்தம் போடுறது?"

"கிரைண்டர். ஒருத்தி நம்பித் தந்திட்டுப் போனவ."

"ஆர்?"

"உங்களுக்குத் தெரியாது. கைநோக்காரி, பாவம். ஆனா நல்ல மனிசி. சும்மா மூடி வைக்காமப் பாவிக்கச் சொல்லித்தான் தந்தவ."

அவளைக் கூட்டிக்கொண்டு வா எண்டா, நான் ஆனந்தராசாவைக் கூட்டிக்கொண்டு வரவேணும்.

உழுந்து வடை கொண்டந்து வைச்சா. சுடச்சுட, பஞ்சு மாதிரி.

"சாமான் எப்பிடி? தீர்ப்பைச் சொல்லுங்கோ."

"பெறுமதி," எண்டன்.