டேப்காரர் எதையும் மறைக்கவில்லை

டேப் இயந்திரம் காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி ஓடும். டேப்பில் எழுதும் அதன் தலையைத் துடைத்தும் பயனில்லை. ஆபீஸ் கணக்கு முழுவதும் தினமும் அந்த டேப்பில் ஒரு நகல் ஏற வேண்டும். சாயங்காலம் ஆரம்பித்தால், மறுநாள் எல்லாரும் வேலைக்கு வந்த பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது.

இதை நேரில் பார்க்கத் தலைமை ஆபீஸிலிருந்து ஒருவர் இன்று வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் டேப் அறையைப் பூட்டிவிடுவார்கள். அந்த அறையிலேயே பல வருஷம் குப்பை கொட்டிய டேப்காரரும் வெளியே போக வேண்டியதுதான். அவரை ஆபீஸில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வரவேற்பு மேசை அக்கா கதவைத் திறந்தார். "உங்களைப் பாக்க ஒருத்தர் வந்திருக்கார்," என்று ஒரு பெரியவரை உள்ளே விட்டுவிட்டுப் போனார்.

டேப்காரர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உட்காருங்க சார். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். எதையும் மறைக்க மாட்டேன்."

"சொல்லிட்டாங்களா? நல்லதாப் போச்சு," என்றார் பெரியவர். "முதல்லயே மனசு விட்டுப் பேசிட்டா பின்னால சங்கடமில்ல. இதுக்கு முன்னாடி ஏதாவது... இருந்துச்சா?"

"ஒண்ணு இருந்துச்சு சார். ரொம்ப நாள் கூடவே வச்சிருந்தேன். வயசாக வயசாக முனகல் தாங்கல. பழைய சாமான்காரன்கிட்ட தள்ளிட்டேன்."

பெரியவர் கைக்குட்டையை எடுத்தார்.

டேப்காரர் வேலையில் இறங்கினார். ஒவ்வொரு தடவையும் டேப்புக்கு அனுப்பும் கணக்குப் பொட்டலத்தைப் பெரிதாக்கினார். உடனே மாடியிலிருந்து கணக்குப் பிரிவுத் தலைவர் போன் செய்தார். "என்னய்யா பண்றே? இங்க ஒருத்தர் கம்ப்யூட்டர் திரையும் நகரல."

"இதோ சரியாயிடும் சார்," என்று போனை வைத்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினார். "ஒண்ணை மட்டும் நம்பினா வேகம் வராது. நாலஞ்சு வேணும். ஒண்ணு அசந்தா இன்னொண்ணு."

"நாலஞ்சா?"

"எல்லாம் பக்கத்து அறையிலதான் இருக்கு. ஒண்ணு இருக்கிறது இன்னொண்ணுக்குத் தெரியாது."

பக்கத்து அறையில் இருந்த ஐந்து சர்வர் கம்ப்யூட்டர்களையும் ஒரே நேரத்தில் டேப்புக்கு அனுப்ப வைத்தார். டேப் ஒரு நிமிஷம் அழகாக ஓடியது. அதோடு ஆபீஸ் மொத்தமும் நின்றுபோனது. வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று மானேஜரே ஓடி வந்தார். டேப்காரருக்கு பெரியவர் முன்னால் மானம் போகிறதே என்றிருந்தது.

ஆபீஸ் வேலையும் டேப்பும் ஒரே வயரில் நெருக்கியதால், டேப்புக்கு மட்டும் தனி வயர் போட்டால்தான் வழி. பக்கத்து அறையிலிருந்து வயரை வாசல் வழியாக இழுத்தார். கதவைச் சாத்த முடியவில்லை. ஏசியின் குளிர்காற்று வெளியே போய், அந்த அறை சூடேறி, அபாய மணி கூவத் தொடங்கியது.

"கொஞ்சம் எழுந்திரிங்க சார்," என்று பெரியவரின் நாற்காலிமேல் ஏறி, கதவுக்கு மேலே இருந்த சந்து வழியாக வயரை விட்டுக் கதவைச் சாத்தினார்.

மணி அடங்கியது. மாடியில் திரைகள் நகர்ந்தன. டேப் நிற்காமல், பின்வாங்காமல், ஒரே சீராக இரைந்துகொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு டேப்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவர் சுவரோரம் நின்றபடியே மெதுவாகக் கேட்டார். "ஓய்வே குடுக்க மாட்டீங்களா?"

"குடுத்தாதான் சார் கெட்டுப்போகும். நிக்க விடாம வேலை வாங்கணும்."

"முரண்டு பிடிச்சா?"

"முதல்ல தலையைத் துடைச்சுப் பார்ப்பேன். அப்புறம் பக்கவாட்டுல ரெண்டு தட்டு. அதுக்கும் மசியலைன்னா எடுத்துட்டு வேற போட்டுடுவேன். எனக்கு வேகந்தான் சார் முக்கியம்."

பெரியவர் கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தலைமை ஆபீஸை வீடு என்று சொல்கிற மனுஷர் வேலையில் எவ்வளவு பற்றுள்ளவராக இருக்க வேண்டும் என்று டேப்காரர் நெகிழ்ந்துபோனார். தான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. டேப்பும் ஓடுகிறது, வேலையும் தப்பியது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வரவேற்பு மேசை அக்கா மறுபடி எட்டிப் பார்த்தார்.

"தலைமை ஆபீஸ்காரர் நாளைக்குத்தான் வர்றாராம், இப்பதான் போன் வந்துச்சு. ஆமா, உங்களுக்குப் பொண்ணு குடுக்கலாம்னு பாக்க வந்த அந்தப் பெரியவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க, தண்ணிகூடக் குடிக்காம ஓடறார்?"