பீர்ஷெபா இல்லம்

"சார், கூலா ரெண்டு குடுங்க."

கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டோடு நின்ற ஆளைப் பார்த்ததும் சாமுவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இவன் நாலாவது ஆள்.

"யோவ், இது வீடுய்யா!"

"போர்டுல பீர்னு போட்டிருக்கே?"

போட்டுத்தான் இருந்தது. லிங்கராஜபுரத்தில் தெருவுக்கு நாலு 'பெத்தேல்' வீடு, மூணு 'எபிநேசர்' வீடு. தன் புது வீட்டுக்கு எவனுக்கும் இல்லாத பேராக வேண்டுமென்று சாமுவேல் பைபிளைப் புரட்டிப் பிடித்தது 'பெயெர்செபா'. ஆபிரகாமுடைய கிணறு! இங்கிலீஷில் 'பீர்ஷெபா' என்று போட்டால்தான் கெத்து என்றான் மகன் க்ளென். பெயிண்டர் புண்ணியவான் பேரை இரண்டாக வெட்டி, கேட்டின் இடது தூணில் 'பீர்', வலது தூணில் 'ஷெபா' என்று ஆளுயரத்துக்குத் தீட்டிவிட்டான்.

சாமுவேலுக்கோ பேரை விட மனசில்லை. தெருவே வறண்டு கிடக்க, அவர் போட்ட போர்வெல் மட்டும் கொட்டு கொட்டென்று கொட்டியது.

"எங்கப்பா கோலார்ல தங்கத்துக்குத் தோண்டினாரு. நான் தண்ணிக்குத் தோண்டினேன். இந்த பெங்களூர்ல எதுய்யா பெரிசு?" என்று மார்தட்டாத நாளில்லை.

"அர்த்தத்தையும் எழுதிடுங்க அண்ணா," என்று யோசனை சொன்னாள் பக்கத்து வீட்டுக் காந்தா.

'பீர் என்றால் கிணறு' என்று கன்னடத்தில் எழுதினார். சாயங்காலமே இரண்டு பேர் கேனோடு வந்தார்கள்.

"கிணத்துலேர்ந்தே மொண்டு தர்றீங்களாமே?"

இடது தூணுக்கு மொத்தமாகச் சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

"ஷெபா பார்லர் தொறந்தாச்சா? ஐப்ரோ பண்ணணும்."

மனைவி ரோஸி தலையில் அடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை. பாஸ்டரு, சபை மொத்தமும் வருது. மானம் போயிடும். பேசாம எபிநேசர்னே போட்டுத் தொலைங்க!"

"என் கிணத்துக்கு இருக்கற ஒரே மரியாதை அந்தப் பேருதான். மாத்த மாட்டேன்."

மறுபடி 'பீர்' ஏறியது. கீழே கொட்டை எழுத்தில் 'இங்கே விற்பனை இல்லை' என்றும் ஏறியது.

ஞாயிறு காலை வாசலில் இருபது பேர். முன்னால் நின்றவன் பல்லைக் காட்டினான்.

"விக்கலைன்னா, ஓசிதானே சார்?"

அதற்குள் பாஸ்டர் வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"சாமுவேல், இவ்வளவு ஜனமா! பேரோட அர்த்தத்தைச் சொல்லுங்க."

சாமுவேல் படியேறி நின்றார். சபையும் ஓசிக் கூட்டமும் வாய்பிளந்து கேட்டன.

"எபிரேயத்துல பீர்னா கிணறு. ஷெபான்னா ஆணை, ஏழுன்னும் சொல்லலாம். கிணறு யாருதுன்னு தகராறு வந்தப்போ, நான்தான் தோண்டினேன்னு ஆபிரகாம் ஏழு ஆட்டுக்குட்டியச் சாட்சியா நிறுத்தி ஆணையிட்டாரு. இந்தத் தண்ணியும் அப்படித்தான். நான் தோண்டினது, கர்த்தர் குடுத்தது!"

கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. ஓசிக்கு வந்தவன்கூட விசில் அடித்தான். ரோஸி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமுவேலுக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காந்தா பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"ஏழு ஆட்டுக்குட்டியெல்லாம் வேணாம் அண்ணா. உங்க பிளம்பர் எங்க சம்ப்புத் தொட்டிக்குள்ள விட்டுட்டுப் போன பைப்ப மட்டும் எடுத்துடுங்க, டேங்கர் தண்ணி வாங்கி ஊத்தி மாளலை."