அஞ்சு கிலோவும் எடையில்லாத கயிறும்

என் பிளஸ் ஒன் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இல்லாத மூன்று வரிகள் இருக்கின்றன. பச்சை மை. மேலே ‘செவ்வாய்’ என்று கிழமை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. தேதி எழுதிய இடத்தில் டீ சிந்தி எண் கரைந்துவிட்டது. பல் பிடுங்கிய ரசீதைக்கூடத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கும் எனக்கு, எதற்குத் தேதி வேண்டுமோ அதற்குத் தேதி இல்லை. வரிகள் இவை:

‘நீ யாரு? உன்ன யாரு தொட்டுகினு கீறான்? தொடாம இழுக்கிறது யாரு?’

புதிதாகப் பார்ப்பவர்கள் இதைப் பேய் ஓட்டும் மந்திரம் என்று நினைக்கலாம். என் மனைவி அப்படித்தான் நினைத்தாள். உண்மையில் இது கப்பிக் கணக்கு போடும் முறை. இதை எழுதியவனைப் போலக் கப்பிக் கணக்கு போடத் தெரிந்த ஆள் ஆவடி தொடங்கிப் பூந்தமல்லி வரை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவனுக்கு இயற்பியலில் வேறு எதுவும் தெரியாது என்பது தனி விஷயம்.

அவன் பெயர் அஞ்சு கிலோ. பெற்றோர் வைத்த பெயர் வேறு; அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆளைப் பார்த்தால் எண்பது கிலோவுக்குக் குறையாது. மேனாம்பேட்டில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு சார் டியூஷன் நடத்தி வந்தார். பல பள்ளிக்கூடங்களிலிருந்து பதினைந்து பேர் வருவோம். சார் முதல் நாள் பலகையில் ஒரு கப்பி வரைந்து, அதன் மேல் கயிறு போட்டு, ஒரு முனையில் ஐந்து கிலோ, மறு முனையில் மூன்று கிலோ தொங்கவிட்டார். “கயிற்றின் இழுவிசை என்ன?” என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து இவன் எழுந்தான்.

“சார், நான்தான் அஞ்சு கிலோ.”

“என்னப்பா?”

“கண்ண மூடிகினேன் சார். இப்ப நான் அஞ்சு கிலோ. கீய போய்கினே கீறேன். மேல கயிறு புடிச்சி இழுக்குது, கீய பூமி இழுக்குது. வேற ஒருத்தரும் என்னைத் தொடல சார்.”

பெயர் அன்றே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு பலகையில் எத்தனை பொருள் தொங்கினாலும் அதில் கனமானது எதுவோ அதுவாக அவன் மாறிவிடுவான். சாய்தளத்தில் வைத்த கட்டை என்றால் பெஞ்சில் சரிந்து உட்காருவான். ஒருமுறை சார் இரண்டு பொருளையும் ஐந்து கிலோ என்று எழுதிவிட்டார். யாராக இருப்பது என்று தெரியாமல் அன்று முழுவதும் அவன் பேசவில்லை.

எனக்கு அந்த நாட்களில் சிரிக்க நேரமில்லை. அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். கரூரிலிருந்து நாங்கள் வந்ததே அதற்காகத்தான். பட்டறைக்குள் ஒரு ஏசி அறை உண்டு. அதில் உட்கார்ந்து சிலர் டிராயிங் போடுவார்கள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டி அந்த டிராயிங்கை வாங்கி வருவார். உள்ளே போகமாட்டார், செருப்பில் இரும்புத்தூள் இருக்கும். அந்த அறைக்குள் உட்காருவது என்று ஏழாம் வகுப்பிலேயே நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் ஆகஸ்டு மாத இடைத்தேர்வில் இயற்பியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: காலாண்டில் தேறாவிட்டால் பையனைக் காமர்ஸுக்கு மாற்றிவிடுவோம். வீடு வந்தபின் அப்பா, “கணக்குப் பதிவியலும் நல்ல படிப்புதான்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

காலாண்டில் கப்பிக் கணக்கு வராமல் இருக்காது. நானோ எந்தக் கப்பியைப் பார்த்தாலும், கீழே எவ்வளவு எடை தொங்குகிறதோ அதுதான் கயிற்றின் இழுவிசை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். சார் ஆறு முறை விளக்கினார். ஆறு முறையும் தலையாட்டினேன்.

ஏழாவது முறை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் அஞ்சு கிலோ.

“மச்சான், இன்னா எழுதிக்கீற?”

“இழுவிசை அஞ்சு கிலோ எடைக்குச் சமம்.”

“சரி. கண்ண மூடு. நீதான் இப்ப அஞ்சு கிலோ.”

தன் பட்டத்தை அவன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் கண்ணை மூடினேன்.

“பூமி உன்ன அஞ்சு கிலோவுக்கு இழுக்குது. கயிறும் மேல அஞ்சு கிலோவுக்கு இழுக்குது. ரெண்டும் சமம். அப்ப நீ எதுக்குடா கீய போற? சும்மா தொங்கிகினு கிட.”

அவன் என் நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று வரிகளையும் எழுதினான். டீ சிந்தியதும் அவன்தான்.

புரிந்தது என்றேன். அவன் நம்பவில்லை. “ஊட்டாண்ட செஞ்சே பாத்துடலாம்” என்றான். அதற்குச் சரக்கு வேண்டும். பாடப்புத்தகத்தில் ‘எடையற்ற கயிறு, உராய்வற்ற கப்பி’ என்று இருந்ததால் அவற்றையே வாங்கக் கிளம்பினான். மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடைக்கு நானும் கூடப் போனேன்.

“அண்ணாத்தே, எடை இல்லாத கயிறு கீதா?”

கடைக்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. “எத்தன மீட்டர்?”

“பத்து.”

“நம்மகிட்ட கயிறு கிலோ கணக்குலதான். எடை இல்லன்னா தராசுல என்னத்தப்பா வைக்கிறது?”

“அப்ப சும்மா குடுத்துடுங்க.”

கடைக்காரர் இப்போது தலை தூக்கினார். தராசை ஒருமுறை பார்த்தார். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“உராய்வு இல்லாத சகடையும் ஒண்ணு வேணும்.”

“கிரீஸ் போட்டுக்க. கிளம்பு.”

மறுநாள் டியூஷனில் எழுந்து நின்று அறிவித்தான்: “சார், புக்குல போட்டுக்கீற கயிறும் சகடையும் இப்ப ஸ்டாக் இல்லியாம்.” சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கடைசியில் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மணல் ஏற்றும் சகடையை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கினோம். மொட்டை மாடிக் கைப்பிடியைத் தாண்டி நீட்டியிருந்த இரும்புக் குழாயில் அதை மாட்டினோம். ஐந்து கிலோவும் மூன்று கிலோவும் இருக்கும்படி இரண்டு மணல் பைகள். இழுவிசையை அளக்க ஒரு கருவி வேண்டுமே என்று நான் கவலைப்பட்டபோது, தெருவில் பழைய பேப்பர்காரர் வந்தார். அவரிடம் கொக்கி போட்ட வில் தராசு இருந்தது.

“நைனா, தராச ஒரு பத்து நிமிசம் குடு. படிப்பு விசயம்.”

படிப்பு என்றதும் அவர் மறுக்கவில்லை. ஐந்து கிலோப் பைக்கும் கயிற்றுக்கும் நடுவில் தராசை மாட்டினோம். மேலே அவன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்; விட்டதும் பை கீழே இறங்கும்; நான் பக்கத்து வெளிப்படிக்கட்டில் பையோடு சமமாக ஓடி இறங்கிக்கொண்டே முள்ளைப் படிக்க வேண்டும். முதல் முறை முள்ளைப் பார்த்தேன், படியைப் பார்க்கவில்லை. முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாவது முறை படியைப் பார்த்தேன். மூன்றாவது முறை இரண்டையும் பார்த்தேன்.

சும்மா தொங்கும்போது ஐந்தில் நின்ற முள், இறங்கும்போது நாலில் நின்றது.

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாகத் தலைக்குள் போகாத ஒன்று, முள்ளோடு சேர்ந்து ஒரு கோடு கீழே இறங்கி உட்கார்ந்தது. கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால்தான் பை இறங்குகிறது. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்றே முக்கால் வந்தது.

“நாலுதானே காட்டுச்சு, கால் எங்க போச்சு?” என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

“அது சகடையோட உராய்வு மச்சான். நல்லது ஸ்டாக் இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்ல.”

இதையெல்லாம் வாசலில் பேப்பர் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அவனுடைய அண்ணி.

“இன்னாடா, கீய எறங்கசொல்ல எடை கொறைச்சலா காட்டுமா?”

“ஆமா அண்ணி.”

அண்ணி பேப்பர்காரரைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் நைனா, நீ எடை போடசொல்ல கையை ஒரு எறக்கு எறக்கி டக்குனு முள்ளப் படிப்பியே. அது இதுக்குத்தானா?”

“அது கை வலிம்மா” என்றார் அவர். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உலகத்தில் நியூட்டனின் இரண்டாம் விதியை எங்களுக்கு முன்பே செய்முறையாகக் கற்றிருந்தவர் அவர்தான். அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் தராசை வாசல் கேட் கம்பியில் மாட்டித்தான் எடை போட்டார்.

காலாண்டுத் தேர்வில் கப்பி வந்தது. ஏழு கிலோவும் மூன்று கிலோவும். நான் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஏழு கிலோ ஆனேன். யார் தொடுகிறார்கள் என்று வாய்விட்டு முணுமுணுத்திருக்க வேண்டும். கண்காணிப்பாளராக வந்த ஆசிரியை அருகில் வந்து நின்றார்.

“தூங்குறியாப்பா?”

“இல்ல மிஸ், தொங்குறேன்.”

அவர் என் பேப்பரை ஒருமுறை பார்த்தார். ஓரத்தில் ஒரு கட்டம், மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

தேறினேன். நல்ல மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் கப்பிக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து. அப்பா பேப்பரைக் கையில் வாங்குவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதே மாலை மேனாம்பேட்டுக்கு ஓடினேன். அஞ்சு கிலோ பேப்பரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு நாள் வெச்சிகினு தரட்டா?”

“வெச்சுக்கோ. உனக்கு எவ்வளவு வந்துச்சு?”

“இன்னாத்துல?”

“பிசிக்ஸ்ல.”

“எனக்கு ஏது மச்சான் பிசிக்ஸு. நான் காமர்ஸ் குரூப்பு.”

அப்போதுதான் உறைத்தது. சார் வாராவாரம் டெஸ்ட் வைப்பார். எல்லோரிடமும் பேப்பர் வாங்குவார், இவனிடம் மட்டும் கேட்கமாட்டார். வீட்டுக்காரர் பிள்ளை என்பதால் சலுகை என்று நாங்கள் பொறாமைப்பட்டிருந்தோம்.

“அப்புறம் எதுக்குடா டியூஷன்ல உட்கார்ற?”

“கீய ஊட்ல அண்ணி சீரியல் போட்டுகினு கீது. சத்தம் தாங்கல. மேல காத்து வருது.”

மறுநாள் பேப்பரை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தான்.

இப்போது நான் சரக்கு ஏற்றும் லிஃப்டுகளுக்கு டிராயிங் போடுகிறேன். ஏசி அறைதான். எந்த டிராயிங்கைத் தொடங்கினாலும் முதலில் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். மேனாம்பேட்டு வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அவர்கள் செம்பரம்பாக்கம் பக்கம் மனை வாங்கிப் போய்விட்டார்கள். அஞ்சு கிலோ ஆவடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறான்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அவனுடைய அண்ணியைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. பேச்சுவாக்கில் சொன்னார்: “சீரியல் சத்தமா? நான் அப்ப சீரியலே பாக்கறது இல்ல. அவன் பத்தாவது முடிச்சதும் சயின்ஸ் குரூப்புதான் கேட்டான், மார்க்கு பத்தல. உன் பேப்பரக் கூட அன்னிக்கு ஜெராக்ஸ் எடுத்தாந்தான். இன்னமும் பீரோல வெச்சிகினு கீறான்.”

இந்தத் தகவலை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. ஆவடிக்கு ஒரு பஸ் ஏறினால் போதும், கேட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் தேடும் நான், இதற்கு மட்டும் போகாமல் இருக்கிறேன். அப்படி ஒரு ஜெராக்ஸ் இல்லை என்று அவன் சொல்லிவிட்டால், அதைத் தாங்க என்னிடம் கயிறு இல்லை.