வெட்டுத்துணியில் விரிந்த தோட்டம்

சாமி உலகத்தைப் படைத்த அன்றைக்குக் கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தால், கடலுக்கு இத்தனை இடம் வேஸ்ட் ஆகியிருக்காது. இன்னும் நாலு நாடு வெட்ட இடம் கிடைத்திருக்கும்.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். என் மகன் முதலாளியாக இருக்கிற எங்கள் பனியன் கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. துணியில் துளி மிச்சம் வைக்காமல் வெட்டுவார். தோசையைக்கூட ஓரம் பார்த்து, அளவு பார்த்துத்தான் பிய்ப்பார்.

நெருப்பெரிச்சல் ஊரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை மகன் எடுத்துக் கட்டினான். ஓடு இறங்கி மாடி ஏறியது. வாசலில் இருந்த என் செடிகள் அத்தனையும் ஜல்லிக்கு அடியில் போயின. வேலை முடிகிற சமயத்தில், ஒரு சனிக்கிழமை, மகன் சொன்னான்:

"வாசல் பூராவும் காங்கிரீட் போட்டரலாம்மா. வண்டி நிறுத்தோணும். செடியெல்லாம் தொட்டில வச்சுக்கலாம்."

"எருமையக் கொண்டாந்து கட்டில்ல கட்டுவியா? அந்தக் கதைதான் இதும்" என்றேன்.

"அப்ப எங்க என்ன வெக்கறதுன்னு ஒரு பிளான் சொல்லுங்க. திங்கக்கெழம மேஸ்திரி வர்றாரு. அதுக்குள்ள சொல்லாட்டி காங்கிரீட்டுதான்."

பிளான் என்றால் இன்ஜினியர் நீட்டுகிற காகிதம். அதில் எனக்குத் தெரிவது கோடு மட்டும்தான். நெஞ்சுக்குள் இருக்கிற தோட்டத்தை யார் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது? ஜல்லிக் குவியலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் இருந்த மகனுக்கு மத்தியானச் சோறு வாங்கிப் போக வந்த மாஸ்டர் என்னவென்று விசாரித்தார். சொன்னேன்.

"இவ்வளவுதானுங்களாக்கா? சேம்பிள் போட்டுக் காட்டுனா அப்ரூவல் தந்துட்டுப் போறாங்க."

மறுநாள் காலையில் ஆட்டோ நிறைய, மற்ற கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டை வந்து இறங்கியது. ஜல்லியை ஒதுக்கிவிட்டு, மனிதர் மண்ணில் முட்டி போட்டுவிட்டார். பச்சைத் துணியில் கறிவேப்பிலை வெட்டினார். சிவப்பில் செம்பருத்தி. வெள்ளையில் மல்லிகைப் பந்தல். நிழல் விழுகிற இடத்துக்குச் சாம்பல் நிறம். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். நான் நாற்காலியில், சரக்கு வாங்க வந்த பையர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு கோளாறு. இரண்டு துணிக்கு நடுவில் விரல் நுழைய இடமில்லை.

"மாஸ்டர், செடி வளருமுங்க."

"வளருமுங்களா?"

ஆயுசு பூராவும் தண்ணீர் பட்டால் சுருங்குகிற சரக்கையே பார்த்த மனிதர். சுருங்குவதற்கென்று கொஞ்சம் கூட்டி வெட்டியே பழகிய கை. தண்ணீர் பட்டால் பெரிதாகிற சரக்கும் உண்டு என்பதை ஜீரணிக்க அவருக்கு ஒரு டீ தேவைப்பட்டது. குடித்து முடித்தார். எல்லாவற்றையும் உருவிப் போட்டு முதலிலிருந்து விரித்தார்.

சாயங்காலம் எழுந்து பார்த்தேன். என் தோட்டம் தரையில் கிடந்தது. இப்படி நடந்தால் பூப் பறிக்கலாம், இங்கே நின்றால் வெயில் படாது. காகிதத்தில் தெரியாததெல்லாம் துணியில் தெரிந்தது.

அப்போது பார்த்து மகன் காரோடு உள்ளே வந்தான். மாஸ்டர் குறுக்கே போய் நின்றார்.

"தம்பி, முன்னாடி டயரு கறிவேப்பிலை மேல நிக்குதுங்க."

"அது துணிதானுங்க மாஸ்டர்."

"துணியா இருக்கறப்பவே மெதிச்சா, செடியானா உட்டு வெப்பீங்களா? பின்னால எடுங்க தம்பி."

முதலாளி வண்டியைப் பின்னால் எடுத்தான். தெருவில் நிறுத்திவிட்டு மல்லிகையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். தாண்டி வந்திருக்கலாம். சுற்றித்தான் வந்தான்.

திங்கட்கிழமை மேஸ்திரி ஆட்களோடு வந்தார். துணியைக் காலால் ஒதுக்கப் போனார். மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த மகன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்:

"ஏனுங் மேஸ்திரி, பாத்துங்க. அங்க செம்பருத்தி இருக்குது."

மேஸ்திரி குனிந்து தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்கீங்கம்மா?"

"உங்க காலுக்கடியிலதான்" என்றேன்.

மனிதர் காலைத் தூக்கிக்கொண்டார். காங்கிரீட், கார் நிற்கிற அளவோடு நின்றுபோனது.

இன்றைக்குப் பந்தல் கொள்ளாத பூ. முதல் பூ பூத்த நாளில் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, துணி பார்ப்பது போலத் தேய்த்துப் பார்த்தார்.

"உங்க ஊட்ல என்ன செடி வச்சிருக்கறீங்க மாஸ்டர்?"

"எனக்கு வாடகை லைன் வீட்டு மாடி ரூமுங்கக்கா. மண்ணுக்கு எங்க போறது? இதான் மொதத் தோட்டம்."

வாசல் கேட்டுக்கு இன்னொரு சாவி செய்து அவர் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து தண்ணீர் விடுகிறார். குழாய் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் வெளியே வருவதில்லை. சொந்தத் தோட்டத்தில் மனிதர் கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும்.