பூட்ஸம்மா வீட்டில் பெண் பார்த்த கதை

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கும் முன்பு ரப்பர் கையுறை கொடுத்த பெண்மணி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் என் மாமியார். இதில் எனக்குப் பெருமை உண்டு.

சென்னைக்கு வெளியே, நூம்பலில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பூட்ஸம்மா என்றால் வேலப்பன்சாவடி டீக்கடை வரைக்கும் தெரியும். முழங்கால் வரை கறுப்பு கம்பூட்ஸ். முழங்கை வரை ரப்பர் கையுறை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு அங்கி. லாரி டியூபைக் கிழித்து அவரே தைத்தது. மாமனார் லாரி டிரைவர், அதனால் டியூபுக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்குப் பட்டறைக் கண்ணாடி. இத்தனையும் மாட்டிக்கொண்டு கொல்லையில் துணிக்குச் சாயம் போடுவார், சோப்பு செய்வார். இது எண்பதுகளின் கடைசியில்.

அந்தக் கோலத்தில் அவர் தெருக்குழாய்க்கு வந்தால் வரிசை தானாக வழிவிடும். கையுறைகளைக் கழுவிக் கொடியில் மாட்டுவார். காற்றடித்தால் வரிசையாகக் கறுப்புக் கைகள் வா வா என்று கூப்பிடும். அந்தக் கொடியில் காக்கை உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை.

சாயத் தண்ணீரைக் கீழே ஊற்ற அவருக்கு மனசு வராது. தீரும் வரை எதையாவது முக்குவார். ஒரு பொங்கலுக்கு வயலட் கொஞ்சம் கூடிப்போனது. தெருவில் சேலை வயலட், லுங்கி வயலட், தலையணை உறை வயலட், அம்மன் கோயில் திரை வயலட். பஸ் கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லிக் கூவுவதையே விட்டுவிட்டாராம். "வயலட்டெல்லாம் எறங்கு" என்பாராம்.

சோப்புக்குக் காஸ்டிக் சோடா வேண்டும். தண்ணீரில் கலந்தால் கொதிக்கும். தோலில் பட்டால் தோல் போகும். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம். கொல்லையில் காஸ்டிக் திறந்திருக்கும்போது யார் வாசலைத் தாண்டினாலும் கையுறை போட வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் போட்டிருக்கிறார். ஓட்டு கேட்க வந்தவர் கும்பிட்ட கையோடு போட்டிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"தோலு கடைல விக்குதா? வித்தா சொல்லு. நானும் ரெண்டு கஜம் வாங்கி வச்சிக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. நான் வேலை செய்த ஷெட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஆபரேட்டர். தகடு வெட்டும் மெஷின். என் இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. மீதியை பிரஸ் எடுத்துக்கொண்டது. எஸ்டேட்டில் இது புதிதில்லை. பெண் வீடுகளில்தான் புதிது. முதலில் பார்த்த இடத்தில் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினேன். பெண்ணின் அத்தை பார்த்துவிட்டார். அதோடு சரி. அடுத்த இடத்தில் வாட்சில் மணி பார்த்தேன். அதோடு சரி.

அதற்கடுத்துத்தான் பூட்ஸம்மாவின் மகள் செல்வி. கிளம்பும்போது அம்மா என் விரலைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டினார்.

"இந்த எடமும் போச்சுன்னா ஊருக்குள்ள ஒனக்கு எவனும் பொண்ணு குடுக்கமாட்டான். கேட்டா சுளுக்குன்னு சொல்லு. தாலி கட்ற வரிக்கும் அவுக்காத."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகு காலம் கழித்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தோம். என் தாய்மாமன் திட்டத்தை மாற்றினார்.

"ராகு காலம் கழிச்சுப் போனா இருட்டிடும். பொண்ணு கலரு தெரியாது. முன்னாடியே போயிட்டு வந்துடலாம்."

அப்போது போன் ஏது. நல்ல வெயிலில் போய்க் கதவைத் தட்டினோம். பூட்ஸம்மா முழுக் கோலத்தில் வந்து திறந்தார். மாமன் ஒரு படி இறங்கினார்.

"யாருப்பா?"

"பொண்ணு பாக்க வந்துகிறோம்" என்றார் மாமன்.

"ராகு காலம் கழிச்சுன்னு சொன்னீங்க?"

"முன்னாடியே வந்துட்டோம்."

"நீங்க வந்துட்டீங்க. சோப்பு இன்னும் பதத்துக்கு வர்லியே." கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கூடையை எடுத்து நீட்டினார். உள்ளே கையுறைகள். "மாட்டிகினு வாங்க."

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "நாங்க சம்பந்தம் பேச வந்தவங்கம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன். சம்பந்தி கை வெந்துபோச்சுன்னா ஊரு என்னைத்தானே சிரிக்கும்?"

அம்மா வளையலுக்கு மேலே மாட்டிக்கொண்டார். மாமன் மோதிரத்துக்கு மேலே மாட்டிக்கொண்டார். உள்ளே மாமனார் சலவைச் சட்டையும் கையுறையுமாக எழுந்து வணக்கம் சொன்னார். நான் வலது கையில் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். பூட்ஸம்மா அதை ஒரு தரம் பார்த்தார்.

"சுளுக்கு" என்றார் அம்மா.

"சரி. கூடத்தோட இருக்கட்டும். கொல்லைக்கு வரக்கூடாது."

கூடத்தில் ஒரு பலகை. அதன்மேல் வெள்ளை வெளேர் என்று வில்லை வில்லையாக வெட்டி அடுக்கியிருந்தது. பெண் பார்க்கும் வீட்டில் அதைப் பார்த்தால் தேங்காய் பர்ஃபி என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாமன் நினைத்தார். கையுறையைக் கழற்றினார். ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

பளார் என்று ஒரு சத்தம். பூட்ஸம்மா எப்போது தாண்டி வந்தார் என்று தெரியவில்லை. ரப்பர் கையால் மாமன் கையில் ஒரே போடு. வில்லை பறந்துபோய் மாமனாரின் சட்டைப் பாக்கெட்டில் விழுந்தது.

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் முதல் மாலை அவருக்குத்தான். மாமன் எழுந்தார்.

"தாய்மாமன கை நீட்டி அடிச்சிட்டியேம்மா! அக்கா, எந்திரி. இந்த சம்பந்தமே வாணாம்!"

"அண்ணாத்தே, குந்து" என்றார் பூட்ஸம்மா. "நேத்து வெட்டின சோப்பு அது. காரம் அடங்க ஒரு மாசம் ஆவும். அடிக்கலன்னா இந்நேரம் நாக்கு வெந்திருக்கும். அப்பால எந்த வாயால வாணாம்னு சொல்லுவே?"

மாமன் பலகையைப் பார்த்தார். உட்கார்ந்தார். கையுறையைத் தானாகவே மாட்டிக்கொண்டார்.

அப்போது கொல்லையிலிருந்து பெண் குரல் கேட்டது. "எம்மா! கிண்டிக் கிண்டி கை உட்டுப்போச்சு! கெட்டியாவ மாட்டேங்குது!"

எண்ணெயும் காரத்தண்ணீரும் சேரும் வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பிரிந்துவிடும். அத்தனையும் வீண். பெண் அதனால்தான் கூடத்துக்கு வரவில்லை. நான் எழுந்தேன்.

"எங்கப்பா போற?" என்றார் பூட்ஸம்மா.

"கிண்டறேன்."

"ரெண்டு கையும் போட்டாத்தான் கொல்லை."

அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கைக்குட்டையோடு கையுறை ஏறாது. அவிழ்த்தேன். கையுறையை மாட்டினேன். ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் காலியாகத் தொங்கியது.

மாமன் மேலே கூரையைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுல போச்சு?" என்றார் பூட்ஸம்மா.

"பிரஸ்ல."

"மெஷினுக்குத் தடுப்பு கிடையாதா?"

"இப்ப வச்சிட்டாங்க."

"விரல வாங்கிக்கினு வச்சானுங்களா!" என்றார். அது ஒன்றுதான் கோபமாக வந்தது. பிறகு என் கையைப் பிடித்தார். காலி விரலை நுனியிலிருந்து அழுத்திக்கொண்டே வந்து, என் விரல் தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தினார்.

"இது தொங்குது. தொங்கினா கிண்டற துடுப்புல மாட்டும், கிழியும்."

இடுப்பிலிருந்து டியூபில் வெட்டிய வளையம் ஒன்றை எடுத்தார். காலி ரப்பரைச் சுருட்டி மடக்கி, வளையத்தைப் போட்டு இறுக்கினார்.

"இப்ப சரியா கீது. போ. ஒரே பக்கமா சுத்து."

கொல்லையில் பிளாஸ்டிக் தொட்டி, மரத் துடுப்பு. துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு உருவம். பூட்ஸ், அங்கி, கையுறை, கண்ணாடி, தலைக்குத் துண்டு. மாமன் பார்க்க நினைத்த கலர் ஒரு அங்குலம்கூட வெளியே இல்லை. துடுப்பை வாங்கினேன். கண்ணாடி என் விரல் பக்கம் திரும்பியது.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"அப்ப வேகமா சுத்துங்க."

நாங்கள் பேசிய முதல் பேச்சு இது.

கூடத்தில் அம்மா சொன்னது காதில் விழுந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கணும். ரெண்டு எடம் தட்டிப்போச்சும்மா. அதான் பயந்துட்டேன்."

"இன்னாத்துக்குப் பயம்? அந்தக் கையோட வேலைக்குப் போறான். இப்ப கூப்புடாமலே வந்து துடுப்பப் புடிச்சான். எம் பொண்ணு கேட்டா குடுக்கறேன். அவ வாணாம்னா அது வேற. விரலுக்காவ நான் வாணாம்னு சொல்லமாட்டேன்."

சோப்பு ஒருவழியாகக் கெட்டியானது. அச்சில் ஊற்றி மூடினோம். பஜ்ஜி வந்தது. மாமன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கேட்டார். "யம்மா, இப்ப கழட்டலாமா?"

பஸ்ஸில் அம்மா கேட்டார். "பொண்ணு எப்படிடா? சிவப்பா, மாநெறமா?"

"தெரியல."

"மூஞ்சி?"

"கண்ணாடி போட்டுகினு இருந்தா."

"அப்ப இன்னாதான் பார்த்த?"

"சரின்னு சொல்லிடு."

செல்வியும் சரி என்றாள். தை மாதம் கல்யாணம். அவள் முகத்தை முழுசாக நான் பார்த்தது நிச்சயத்தன்றுதான். மாநிறம். மாமன் திருப்தியானார்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போனோம். மாமனார் வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார். மாமியார் ஒரு ஜோடி புதுக் கையுறையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். இடது கையில் ஆள்காட்டி விரலைப் பாதியில் வெட்டி, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் போடுவதுபோல் ஒட்டு வைத்து அடைத்திருந்தார். அளவு என்று தனியாக எடுக்கவில்லை. மாட்டிப் பார்த்தேன். எங்கும் தொங்கவில்லை. விரல் முடிந்த இடத்தில் ரப்பரும் முடிந்தது.

நான் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைக் காலில் ஏற்றினார்.

"சும்மா குந்திகினு இருந்தா எப்படி மாப்ளே? வா, காஸ்டிக் கலக்கணும்."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.