வான்ரூ அழமாட்டேன் என்கிறாள்

மிளகாய்ப்பொடி தடவிய கைக்குட்டையை ஷூயிங் மகளின் மூக்கருகே ஆட்டினாள். வான்ரூ அதை ஒருமுறை மோந்து பார்த்தாள்.

"நாம வழக்கமா வாங்கற மிளகாய் இல்லையேம்மா இது. காரமே இல்ல."

ஷூயிங்குக்கு வயிறு எரிந்தது. கண்ணும் எரிந்தது, ஏனென்றால் சோதித்துப் பார்க்கிறேன் என்று அதே கைக்குட்டையால் முதலில் தன் கண்ணைத் துடைத்திருந்தாள். மிளகாயிலேயே வளர்ந்தவளை மிளகாயால் அழவைக்கப் பார்த்தது தன் புத்தி என்று நொந்துகொண்டாள்.

அவர்கள் ஊரான லிச்சுவானில் மணப்பெண் அழாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகிறவள் பாட்டாகப் பாடி அழ வேண்டும். அம்மாவை நினைத்து அழ வேண்டும், அப்பாவை நினைத்து அழ வேண்டும், தன்னை இப்படி மாட்டிவிட்ட தரகரைத் திட்டித் திட்டி அழ வேண்டும். எவ்வளவு அழுகையோ அவ்வளவு பாசம். ஷூயிங் தன் கல்யாணத்தில் அழுத அழுகையில் தொண்டை கட்டிப்போய், மாமியாரிடம் சைகையில் பேசிக் குடும்பம் நடத்தத் தொடங்கியவள்.

அவள் பெற்ற பெண்ணோ சிவப்பு உடுப்பில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள். முகம் எல்லாம் சிரிப்பு.

"மாப்பிள்ளை வண்டி வர்ற நேரமாச்சுடி. வூஹான் போயிட்டா அப்புறம் வருஷப்பிறப்புக்குத்தான் உன் முகத்தப் பாப்பேன். ஒரு சொட்டுகூட வரலையா உனக்கு?"

"வரலையேம்மா. நான் என்ன பண்ண?"

ஊர் பேசும், அது ஒருபக்கம். கணவன் போன பிறகு ஷூயிங்குக்கு இவள் ஒருத்திதான். அத்தனை தூரம் போகிறவளுக்கு அம்மாவை விட்டுப் போகிற வருத்தம் துளியும் இல்லையோ என்ற சந்தேகம் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. அழுதுவிட்டால் போதும், நிம்மதியாக அனுப்பிவைத்துவிடுவாள்.

எதிர்வீட்டில் துளையிடும் இயந்திரம் கர்ரென்று கத்தியது. யாரோ அந்த வீட்டை வாங்கி, ஒரு மாதமாகச் சுவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்குமா? இரு, நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"விடும்மா, பாவம். வேலைய முடிக்கட்டும்." வான்ரூ குறுக்கே வந்து நின்றாள். அங்கே வேலை பார்க்கும் தச்சர் லியாவுக்கு தினமும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான். ஊரார்மேல் இவ்வளவு இரக்கம் இருக்கிறது, பெற்றவள்மேல் இல்லை.

கூட அழுவதற்குப் பெண்களைத் திரட்டி வந்திருந்தாள் கீழ்வீட்டு பெங் அக்கா. அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"தரகரத் திட்டற பாட்டுல ஆரம்பிப்போம். கோபம் வந்தா அழுகை தானா வரும்."

"தரகர் ஏது? ரெண்டும் ஆபீஸ்ல பாத்துக்கிட்டது."

"அப்ப என்னையே தரகரா நெனச்சுத் திட்டட்டும். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

வான்ரூ வாயைத் திறந்தாள், சிரித்துவிட்டாள். எப்படித் திட்டுவது என்று காட்ட ஷூயிங்கே பாடத் தொடங்கினாள். முதல் அடி மரபுப்படிதான் இருந்தது. அடுத்த அடியில் ஒரு இரும்புச் சட்டி வந்தது. அதற்கடுத்து, பெங் அக்கா இரவல் வாங்கிய அந்தச் சட்டி விரிசலோடு திரும்பி வந்தது. பிறகு பெங் அக்காவின் சமையல் வந்தது, அவள் மருமகள் தனிக்குடித்தனம் போன காரணம் வந்தது. ராகம் மட்டும் பிசகவில்லை.

பெங் அக்கா எழுந்தாள். "சட்டி வாங்கும்போதே விரிசல் இருந்துச்சு. இத்தன வருஷமா மனசுல வச்சிருந்து கல்யாணத்தன்னிக்குப் பாட்டா பாடறியா?"

அவள் படியிறங்கினாள். கூட வந்த பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் இறங்கினார்கள்.

அழுவதற்கு ஆளே இல்லை. ஷூயிங் பதறிப்போய் மோ அக்காவுக்குப் போன் போட்டாள். மோ அக்கா சாவு வீடுகளில் கூலிக்கு அழுகிறவள். அவள் அழுதால் சொத்துக்குச் சண்டை போட வந்தவனும் அழுவான் என்று பெயர்.

"கல்யாணம்தானே? வர்றேன். ரெண்டுக்கும் பாட்டு கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்றாள் மோ அக்கா.

வந்தவள் தொழில் பழக்கத்தில் ஒலிபெருக்கியையும் தூக்கி வந்திருந்தாள். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தாள். தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கள விட்டுப் போறியே, என் தங்கமே... இனி இந்த வாசல எப்ப மிதிப்பே..."

ஷூயிங் அழுதாள். மணப்பெண்ணை முதுகில் சுமந்து இறக்குவதற்காக வந்திருந்த அவள் அண்ணன் மகன் அழுதான். எதிர்வீட்டு இயந்திரம்கூட நின்றது. வான்ரூ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஷூயிங்குக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் மகளைத் திருப்பினாள். வான்ரூ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அதிர்ச்சி தீர்வதற்குள் கதவு தட்டப்பட்டது. ஷூயிங் திறந்தாள். மாடிவீட்டு ச்சின் தாத்தா வெள்ளை மலர்வளையத்தோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் வளையத்தைக் கீழே போட்டார்.

"நீ... போகலையா?"

"எங்க போகணும்?"

அவருக்குப் பின்னால் பெங் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தாள். "சட்டிய ஒடச்சது நான்தாண்டி ஷூயிங். அத ஒத்துக்கறதுக்குள்ள போயிட்டியே..." நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"உயிரோடதான் இருக்கியா? அப்ப நான் சொன்னது செல்லாது" என்றாள் கடைசியில்.

கீழே வாசலில் மற்றவர்கள் வைத்த வளையங்களை எடுக்க ஆள் அனுப்புவதற்குள் மாப்பிள்ளை வண்டிகள் வந்துவிட்டன. சிவப்புப் பூக் கட்டிய வண்டியிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை யூஹாங் வெள்ளைப் பூக்களைப் பார்த்தான், கதறிக்கொண்டு மேலே ஓடி வந்தான்.

"அத்தை..." ஷூயிங் முழுசாக நிற்பதைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "பயந்துட்டேன் அத்தை. உங்களுக்காகத்தானே நாங்க இவ்வளவும்..."

வான்ரூ அவன் காலை ஓங்கி மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவனைப் பார்த்து அவன் அம்மா அழுதாள். அவளைப் பார்த்து வண்டி ஓட்டி வந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் அழாதவள் மணப்பெண் ஒருத்திதான்.

பட்டாசு வெடித்தது. கால் தரையில் படாமல் அண்ணன் மகன் வான்ரூவை முதுகில் தூக்கிக்கொண்டான். போகிற பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. வான்ரூ திரும்பிப் பார்த்தாள், பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

இருபத்தாறு வருஷம் வளர்த்ததற்கு இந்தச் சிரிப்புதானா மிச்சம் என்று ஷூயிங் நினைத்தாள்.

பெங் அக்கா தண்ணீர்ப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள். பெண் போன வழியில் அம்மா தண்ணீரைக் கொட்ட வேண்டும். இனி நீ அந்த வீட்டுக்காரி, திரும்பி வராதே என்று அதற்குப் பொருள். மற்ற அம்மாக்கள் பேருக்குக் கொஞ்சம் தெளிப்பார்கள்.

"போ. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்று ஷூயிங் மொத்தத்தையும் வீசிக் கொட்டினாள்.

அதே நேரம் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தச்சர் லியாவ் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார். அவர் கையில், கதவில் ஒட்டுவதற்கான சிவப்புக் கல்யாணத்தாள் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை வழித்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"என்னக்கா நீங்க, மாப்பிள்ளை வண்டி ஊர ஒரு சுத்து சுத்திட்டு அவங்க வாங்கின இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வருது, உங்க பொண்ணு வாசல்ல வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"